ஓஸ்லோவும் மலையகமும்: ஈறு நோயின் இரு வரலாறுகள்

1969இல் நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் 565 ஆண்களின் ஈறுகளை அளக்கத் தொடங்கினார் பல் மருத்துவ ஆய்வாளர் ஹாரல்ட் லோ. மறு ஆண்டே இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் ஈறுகளையும் அவருடைய குழுவினர் அளந்தார்கள். இரு இடங்களிலும் ஆய்வுக்கு வந்தவர்கள் இளைஞர்கள். அளந்த முறையும் ஒன்றே. ஓஸ்லோக் குழுவை 1995 வரை, 26 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மலையகக் குழுவில் எஞ்சியவர்களைக் கடைசியாகப் பரிசோதித்தது 2010இல், 40 ஆண்டுகள் கழித்து. ஈறு நோய் எப்படித் தொடங்குகிறது, என்ன வேகத்தில் நகர்கிறது, எங்கே தடுத்து நிறுத்தலாம் என்று பல் மருத்துவம் இன்று உறுதியோடு சொல்வதில் கணிசமான பங்கு இந்த இரண்டு குழுக்களிடமிருந்து வந்தது.

தமிழ் வாசகருக்கு இந்த ஒப்பீட்டில் தனி உரிமை உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். பல நாடுகளின் பல் மருத்துவ மாணவர்கள் பாடமாகப் படிப்பது அந்தத் தொழிலாளர்களின் வாய் தந்த கணக்கைத்தான். அந்தக் கணக்கு நம் மக்களுக்கு அவர்களுடைய மொழியில் வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

இரண்டு குழுக்களையும் எதிரெதிரே நிறுத்தினால் முதலில் தெரிவது வேற்றுமை. ஒரு பக்கம் வசதி, மறுபக்கம் வறுமை. ஒரு பக்கம் பராமரிப்பு, மறுபக்கம் அதன் முழு இன்மை. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்குக் கிடைப்பது எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒரு முடிவுதான். சற்றுப் பொறுமையாக எடைபோட்டால், வேற்றுமை எதிர்பார்த்த இடத்தில் உறவும், உறவு எதிர்பார்த்த இடத்தில் வேற்றுமையும் வெளிப்படுகின்றன.

தொடங்கிய நிலை

ஓஸ்லோக் குழுவில் இருந்தவர்கள் மாணவர்களும் கல்வித்துறையைச் சேர்ந்தவர்களும். பள்ளிப் பருவத்திலிருந்தே பல் பரிசோதனையும் சொத்தை அடைப்பும் தடுப்புப் பராமரிப்பும் பொதுச் சேவையாக அவர்களுக்குக் கிடைத்து வந்தன. வளர்ந்த பிறகும் பல் மருத்துவரிடம் போய்வருவது அவர்களுக்கு வழக்கமான காரியம். வலி வந்தால் மட்டும் ஓடிப்போகும் இடமாக அவர்கள் அதைக் கருதவில்லை.

மலையகக் குழுவில் இருந்தவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூட எட்டியிருக்கவில்லை. தடுப்புத் திட்டம் கிடையாது, சிகிச்சை கிடையாது, தூரிகையால் பல் துலக்கும் பழக்கமும் கிடையாது. உடலோ மலைச்சரிவில் உழைத்து உரமேறிய உடல். ஆய்வாளர்களே அவர்களை நல்ல தேகநிலையில் இருந்தவர்கள் என்று பதிவு செய்திருக்கிறார்கள். உடல் வலிமை ஈறுகளைக் காத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தப் பதிவு இடம் தரவில்லை. பல் முளைத்த சில ஆண்டுகளிலேயே அவர்களுக்குப் பற்காரை கட்டத் தொடங்கியது. முப்பது வயதை எட்டும்போது ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டது. ஓஸ்லோவிலும் காரை இல்லாமல் இல்லை. அங்கே அது கீழ் முன்பற்களின் உட்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கம் என்று உமிழ்நீர் சுரந்து வரும் இடங்களோடு பெரும்பாலும் நின்றுகொண்டது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். முதல் வியப்பு சொத்தைப் பல்லில் இருக்கிறது. பராமரிப்பு அத்தனையும் பெற்ற ஓஸ்லோக்காரர்களின் வாய்களில் சொத்தையும் அதை அடைத்த தடயங்களும் ஏராளம். பராமரிப்பே பெறாத தோட்டத் தொழிலாளர்களின் வாய்களில் சொத்தை அநேகமாக இல்லை. ஆகவே மலையகத்தில் விழுந்த பற்கள் ஓட்டை விழுந்தவை அல்ல. தலைப்பகுதி முழுசாக, குறையேதும் இன்றி இருந்த பற்களே பிடிமானம் இழந்து விழுந்தன. ஓஸ்லோவில் பற்களைத் தாக்கியது சொத்தை. மலையகத்தில் பற்களைத் தாங்கிய நிலத்தையே அரித்தது ஈறு நோய். இரண்டுக்கும் பாதை வேறு. சொத்தைக்குச் சர்க்கரையின் துணை வேண்டும். ஈறு நோய்க்குப் பல்லும் ஈறும் கூடும் விளிம்பில் நாள்கணக்கில் அகற்றப்படாத நுண்ணுயிர்ப் படலமே போதும். ‘பல்லில் ஓட்டை இல்லை, வலியும் இல்லை, அதனால் வாய் நன்றாக இருக்கிறது’ என்று நாம் போடும் கணக்கு தவறாகிவிடுவது இதனால்தான்.

நகர்ந்த வேகம்

ஈறு நோயின் இழப்பை அளக்கப் பல் மருத்துவர் ஒரு மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே இறக்குகிறார். பல்லின் கழுத்திலிருந்து எவ்வளவு கீழே திசுக்களின் பிடிமானம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் குறிக்கிறார். இரு குழுக்களிலும் நடந்தது இதே அளவைதான்.

ஓஸ்லோவில் பற்களின் இடைப்பக்கங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 0.08 மில்லிமீட்டர் பிடிமானம் குறைந்தது, கன்னப்பக்கத்தில் 0.10 மில்லிமீட்டர். மலையகத்தில் இடைப்பக்கங்களில் ஆண்டுக்கு 0.30 மில்லிமீட்டர், கன்னப்பக்கத்தில் 0.20 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்து அறியக்கூடிய அளவுகள் அல்ல இவை. ஆனால் காலம் கூட்டிப் பெருக்கியது. நாற்பது வயதை நெருங்கும்போது ஓஸ்லோக்காரரின் சராசரி இழப்பு 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே வயதில் தோட்டத் தொழிலாளியின் சராசரி இழப்பு 4.5 மில்லிமீட்டர். பல் வேரின் நீளம் பொதுவாக 13 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், தோட்டத் தொழிலாளி வேரின் மூன்றில் ஒரு பங்குக்குப் பிடிமானத்தை இழந்துவிட்டார். ஓஸ்லோக்காரரோ ஒன்பதில் ஒரு பங்கைத்தான் இழந்தார்.

இந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. சராசரியை மட்டும் பார்ப்பவர் அதைத் தவறவிடுவார். ஓஸ்லோவில் அதிகம் தேய்ந்தது கன்னப்பக்கம், குறைவாகத் தேய்ந்தது பல்லிடை. மலையகத்தில் அதிகம் தேய்ந்தது பல்லிடை, குறைவாகத் தேய்ந்தது கன்னப்பக்கம். ஒன்று மற்றொன்றைத் திருப்பிப் போட்டதுபோல அமைந்திருக்கிறது. இரு இடங்களிலும் நடந்தது ஒரே நோயின் கூடுதலும் குறைவுமாக மட்டும் இருந்திருந்தால், இழப்பு ஒரே வரிசையில் அமைந்திருக்க வேண்டும். வரிசை மாறியிருப்பதால் காரணமும் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

இறங்கிய ஈறு, இரு காரணங்கள்

ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிவதை இரு குழுக்களிலும் தனியே கணக்கெடுத்தார்கள். ஓஸ்லோவில் இருபது வயதிலேயே 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் ஏதேனும் ஓர் இடத்தில் ஈறு இறங்கியிருந்தது. ஐம்பது வயதில் 90 விழுக்காட்டுக்கும் மேல். மலையகத்தில் இருபது வயதுக்குள் 30 விழுக்காட்டுக்கு மேல்; முப்பது வயதில் 90 விழுக்காடு; நாற்பதில் அனைவரும்.

இருபது வயதில் நின்று பார்த்தால், பராமரிப்பு மிகுந்த ஓஸ்லோதான் முந்தி நிற்கிறது. இது முரண்பாடாகத் தோன்றலாம். ஈறு இறங்கிய இடத்தைக் கேட்டால் முரண்பாடு அவிழ்கிறது. ஓஸ்லோவில் ஈறு இறங்கியது அநேகமாகக் கன்னப்பக்கத்தில் மட்டும், தூரிகை அழுந்தித் தேய்க்கும் அந்தப் பக்கத்தில். மலையகத்தில் கன்னப்பக்கம், நாக்குப்பக்கம், பல்லிடை என்று பல்லைச் சுற்றி எல்லாப் பக்கமும். முந்தையதில் சுத்தமான வாயின் ஈறு உராய்வின் சேதத்தைத் தாங்கியது; பிந்தையதில் அழுக்குப் படிந்த வாயின் ஈறு அழற்சியின் சேதத்தைத் தாங்கியது. வெளித்தோற்றம் ஒன்று; உள்காரணம் இரண்டு.

இந்த எதிர்பாராத வேற்றுமை நம் வீடுகளுக்கு நேரடியாகப் பயன்படும். பல் மருத்துவரிடம் வந்து ‘ஈறு தேய்ந்துவிட்டது’ என்று சொல்பவர் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தவர் என்று தெரிந்தால்தான் அறிவுரை சரியாக அமையும். கடினமான தூரிகையால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தித் தேய்ப்பவர், செங்கல்பொடி, கரித்தூள், உப்பு, சாம்பல் போன்றவற்றைக் கொண்டு விரலால் உரசுபவர் ஆகியோர் ஓஸ்லோவின் சேதத்தை அடைகிறார்கள். அதே மனிதர் பல்லிடையை ஒருநாளும் தொடாதவராக இருந்தால் மலையகத்தின் சேதமும் கூடவே சேர்கிறது. கன்னப்பக்கத்தில் மிகை, பல்லிடையில் குறை என்ற இந்த இரட்டைப் பிழை ஒரே வாயில் நடப்பது அரிதே அல்ல.

கசிந்த இரத்தம்

இரு குழுக்களையும் இணைக்கும் அடிப்படை உண்மை, அவற்றுக்கு முன்பே டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் நிறுவப்பட்டுவிட்டது. 1965இல் வெளியான அந்த ஆய்வில் லோவும் சகாக்களும், ஈறு நல்ல நிலையில் இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். 10 நாள்முதல் 21 நாளுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரத்தை ஒட்டிய காலத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. நோய் வந்ததும் படலத்தால், போனதும் படலம் போனதால். படித்தவரா உழைப்பாளியா என்று ஈறு பார்ப்பதில்லை.

மலையகத்தில் இந்தப் பரிசோதனையை வாழ்க்கையே நடத்திக்கொண்டிருந்தது. 21 நாளில் நின்றுவிடும் வாய்ப்பு அங்கே யாருக்கும் இல்லை. குழுவில் அனைவருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஒரே வேலை, ஒரே பழக்கம், ஒரே அளவு பராமரிப்பின்மை. எனவே எல்லோருடைய பற்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கெட்டிருக்க வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். 1986இல் வெளியான 15 ஆண்டுக் கணக்கு வேறு விதமாகச் சொன்னது. 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக நகர்ந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு அழற்சியைத் தாண்டி நகரவே இல்லை.

வேகக் குழுவினர் இருபது வயதை ஒட்டியே பல் இழக்கத் தொடங்கினர். முப்பத்தைந்தில் சராசரியாக 12 பற்கள், நாற்பதில் 20 பற்கள், நாற்பத்தைந்தில் அத்தனையும் போயின. மிதக் குழுவினர் முப்பதுக்குப் பிறகே இழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்தில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். நகராக் குழுவினருக்கு இழப்பு அநேகமாக இல்லை. நெடுக இரத்தம் கசிந்த ஈறுகளோடும் பற்கள் நிலைத்திருந்தன.

இப்போது ஓஸ்லோவுக்குத் திரும்புவோம். அங்கே எல்லோருக்கும் பராமரிப்பு கிடைத்தது. ஆயினும் எல்லா ஈறும் எப்போதும் ஆரோக்கியமாக இருக்கவில்லை. 26 ஆண்டுப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்தம் கசிந்த இடங்கள், அழற்சியே காணாத இடங்களைவிடச் சுமார் 70 விழுக்காடு கூடுதலான பிடிமானத்தை இழந்திருந்தன. பற்களின் ஆயுளில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. தொடர்ந்து ஆரோக்கியமான ஈறு சூழ்ந்திருந்த பற்களில் 99.5 விழுக்காடு, முளைத்து ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வாயில் இருந்தன. தொடர்ந்து அழற்சி கொண்ட ஈறு சூழ்ந்திருந்த பற்களில் 63.4 விழுக்காடு மட்டுமே இருந்தன. மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. இது நடந்தது பல் மருத்துவர்கள் நிறைந்த, தூரிகை எல்லார் கையிலும் இருந்த ஊரில்.

ஆக, தோட்டத்துக்குள் ஒரு சிறிய ஓஸ்லோ இருந்தது. ஓஸ்லோவுக்குள் ஒரு சிறிய தோட்டம் இருந்தது. இந்த ஒப்பாய்வு தரும் மிகப் பெரிய உறவு இதுவே. இரு குழுக்களும் தனித்தனியே ஒரு பாதி உண்மையைச் சொல்கின்றன. அழற்சி வந்த எல்லா வாயிலும் எலும்பு அரிக்கப்படுவதில்லை என்பது மலையகம் சொன்ன பாதி. அழற்சியே வராத இடத்தில் பல் அநேகமாகப் போவதில்லை என்பது ஓஸ்லோ சொன்ன பாதி. சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: இரத்தக் கசிவு தண்டனை அல்ல, எச்சரிக்கை, அது நிறைவேறுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதை நீக்கிவிட்டால் நிறைவேற அநேகமாக வழி இருக்காது.

ஒப்பீட்டின் எல்லை

இரண்டையும் எடைபோடும்போது தராசின் குறைகளையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஓஸ்லோவையும் மலையகத்தையும் பிரித்தது தூரிகை மட்டும் அல்ல. கல்வி, வருமானம், உணவு, மருத்துவம் எட்டும் தூரம் எல்லாமே பிரித்தன. ஆகவே வேறுபாடு முழுவதையும் பல் துலக்குதலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆண்டுகள் போகப் போக இரு குழுக்களும் சுருங்கின: ஓஸ்லோவில் 565 பேர் 1995இல் 223 ஆனார்கள், மலையகத்தில் 480 பேர் 1985இல் 161 ஆகவும், 2010இல் 75 ஆகவும் குறைந்தார்கள். எஞ்சியவர்களைக் கொண்டு எல்லோரையும் அறிய முயலும் ஆய்வு இது.

இரு குழுக்களுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. இரண்டிலும் பெண்கள் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள் என்பதை நினைத்தால், மலையகத்தின் பாதிக் கதையே இன்னும் அளக்கப்படாமல் இருக்கிறது எனலாம். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி எளிதில் கசிவது எல்லா ஊரிலும் பெண்கள் அனுபவிக்கும் ஒன்று. அதற்கு இந்த ஆய்வுகளில் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் நகர்வது நேர்மையாகாது. நோயின் ‘இயற்கை வரலாறு’ என்று மலையகத்தில் பதிவானது, ஒரு சமூகத்துக்குப் பராமரிப்பு எட்டாமல் இருந்ததன் வரலாறும்கூட. எலும்பு அரிக்கும் வேகத்தில் இயற்கையின் பங்கு இருக்கலாம். தூரிகையும் மருத்துவரும் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களுக்கு வந்து சேராததில் இயற்கைக்குப் பங்கில்லை. உலகம் முழுவதும் பயன் பெற்ற அறிவை அந்தத் தொழிலாளர்கள் தங்கள் பற்களைக் கொடுத்துத் தந்தார்கள். அவர்களுக்கு நாம் காட்டக்கூடிய நன்றி, அந்த அறிவை வீணாக்காமல் இருப்பதுதான்.

அறிந்துகொள்ளும் வழி

இரு குழுக்களின் அனுபவத்தையும் வைத்து நம் வாயைப் பார்க்கலாம். முதல் அடையாளம் துலக்கும்போது அல்லது துப்பும்போது தெரியும் இரத்தம். இதைப் பலர் தூரிகையின் குற்றமாகக் கருதி, கசியும் பக்கத்தைத் துலக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆர்ஹஸ் ஆய்வு சொன்னதற்கு நேர் எதிர் இது. கசியும் இடத்துக்குத்தான் மென்மையான, தவறாத சுத்தம் முதலில் தேவை. ஈறு சிவந்து வீங்கி மினுமினுப்பது, காலையில் வாய் நாறுவதோடு பகலிலும் நாற்றம் விடாதிருப்பது ஆகியவை இந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே திரும்பினால் முழுமையாகத் திரும்பலாம்.

இரண்டாம் கட்டம் பிடிமானம் இழக்கும் கட்டம். பல் முன்பைவிட நீளமாகத் தெரிவது, முன்பற்கள் விலகி இடைவெளி விழுவது, பல்லிடையில் உணவு போய் மாட்டுவது, அழுத்தினால் ஈறிலிருந்து சீழ் வருவது, பல் ஆடுவது, கடிக்கும் பொருத்தம் மாறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆனால் இவை கண்ணில் படும்போது பல மில்லிமீட்டர் போயிருக்கும். ஆண்டுக்கு 0.30 மில்லிமீட்டர் என்ற வேகத்தை எந்தக் கண்ணாடியும் காட்டாது. பல் மருத்துவரின் அளவுகோல் காட்டும்: ஈறுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு, 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கவனிக்க வேண்டிய அளவு. அரிக்கப்பட்ட எலும்பை எக்ஸ்ரே காட்டும்.

இருபுறமும் ஏமாற்றக்கூடிய இரண்டு தோற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும். நம் மக்களில் பலருக்கு ஈறு இயல்பாகவே கருமை படர்ந்து இருக்கும். அது நிறம், நோய் அன்று. புகைபிடிப்பவரின் ஈறோ வெளிறி, கசியாமல், ஆரோக்கியமானதுபோலத் தெரியும். புகையிலை இரத்த ஓட்டத்தைச் சுருக்குவதால் எச்சரிக்கை மறைந்துவிடுகிறது, அரிப்பு உள்ளே தொடர்கிறது. கருத்த ஈறைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். கசியாத ஈறைக் கண்டு புகைப்பவர் நிம்மதி அடையவும் வேண்டாம்.

தடுக்கும் வழி

தடுப்பிலும் இரு குழுக்களும் மாறி மாறிப் பாடம் சொல்கின்றன. மென்மையான இழைகள் கொண்ட தூரிகையை ஈறும் பல்லும் கூடும் விளிம்பை நோக்கிச் சாய்த்து, சிறு அசைவுகளாக, அழுத்தாமல், காலையும் இரவும் துலக்குவது ஓஸ்லோவின் கன்னப்பக்கச் சேதத்தைத் தவிர்க்கும். தூரிகை நுழையாத பல்லிடையை நாளுக்கு ஒருமுறை பல்லிடைத் தூரிகையாலோ பல்லிடை நூலாலோ சுத்தம் செய்வது மலையகத்தின் பல்லிடைச் சேதத்தைத் தவிர்க்கும். வேப்பங்குச்சியில் வளர்ந்தவர்கள் அதை விட்டுவிட வேண்டியதில்லை; அதன் நுனியும் பல்லிடைக்குள் போகாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கெட்டியாகிவிட்ட காரை எந்தத் தூரிகைக்கும் மசியாது. 40 ஆண்டு மலையகப் பதிவை ஆராய்ந்தபோது நோய் தொடங்குவதோடு தொடர்புடையவையாகத் தென்பட்டவற்றில் காரையும் புகையும் இருந்தன. காரையை மருத்துவரிடம் அகற்றிக்கொள்வதே வழி. ‘ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும்’ என்ற பேச்சு நம்மிடையே வலுவாக இருக்கிறது. காரை அகன்றபின் பல் ஆடுவதாகத் தோன்றினால், அதற்கு முன்பே எலும்பு போய், காரைக்கட்டி ஒட்டுப்போட்டு நிறுத்தி வைத்திருந்தது என்றே பொருள். பல்லிடையில் தெரியும் புதிய இடைவெளியும் வீக்கம் வற்றியதால் வருவது.

ஓஸ்லோ இன்னொரு நுண்ணிய எச்சரிக்கையும் தருகிறது. சொத்தையை அடைத்த விளிம்பு ஈறுக்குக் கீழே போன இடங்களில், சில ஆண்டுகளிலேயே பிடிமான இழப்பு கூடியது. சிகிச்சையும் சரியான விளிம்போடு அமைய வேண்டும் என்பது இதன் பொருள். அடைத்த பல்லைச் சுற்றி ஈறு கசிந்தால் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

நம் காலத்தின் பெரிய வேகமூட்டி நீரிழிவு. 1993இல் ஈறு நோயை நீரிழிவின் ஆறாவது பின்விளைவு என்று அழைத்தவரும் இதே லோதான். கட்டுக்கடங்காத சர்க்கரை ஈறு நோயை விரைவுபடுத்துகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சிறிதளவு இறங்குகிறது. சர்க்கரை உள்ளவர் கண்ணையும் காலையும் பரிசோதிப்பதுபோல ஈறையும் பரிசோதிக்க வேண்டும். ஈறு விரைந்து கெடுபவர் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தீர்ப்பாக ஒன்றைச் சொல்லலாம். நாம் 8 விழுக்காட்டைச் சேர்ந்தவரா, 81ஐச் சேர்ந்தவரா, 11ஐச் சேர்ந்தவரா என்று இளமையில் யாருக்கும் தெரியாது. அந்தப் பதினொரு விழுக்காட்டின் மீது பந்தயம் கட்டுவது அறிவுடைமை ஆகாது. படலத்தைத் தங்கவிடாத வாயில் எந்த விழுக்காட்டைச் சேர்ந்தவருக்கும் பல் அநேகமாக நிலைக்கிறது என்பதை ஓஸ்லோ காட்டிவிட்டது. இன்று இரவு துலக்கித் துப்பும்போது எச்சிலின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு இருந்தால் இரண்டு வாரம் பல்லிடையோடு சேர்த்து முறையாகச் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் சிவப்பு நிற்கவில்லையென்றால், வலிக்காகக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போய் ஈறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.